நீச்சல் குளத்து மொழிக் கொள்கை

உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவு இதமான நீரில் நின்று காலை உதறிக்கொள்ளவும் வசதி செய்துகொடுத்த நிறுவனம் மனித குல வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். இன்னும் எண்பது ஆண்டுகளில் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடுவது அந்த ஆய்வகத்தின் பணி. அங்கே ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை, ஆய்வகத்தின் மாண்புக்குக் குந்தகம் வராதபடி சொல்வதே இந்தக் கதையின் நோக்கம்.

அவள் நிரல் எழுதுபவள். ஆய்வகத்தில் எல்லோரும் அவளை 'அரைப்புள்ளி' என்றுதான் அழைத்தார்கள். பேச்சுக்கு நடுவே சட்டென்று நின்றுவிடுவாள். ஒரு நொடி யோசிப்பாள். பிறகுதான் மிச்சம் வரும். எதிரில் இருப்பவர் 'முடித்துவிட்டாள் போலிருக்கிறது' என்று வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அந்த மிச்சம் வந்து விழும். இதனால் அவளிடம் பேசுகிற பெரியவர்கள் பாதித் திறந்த வாயுடனேயே நிற்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம். மூன்றாம் ஆண்டு முடிவில் நிரந்தரமாக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 'ஆக்கலாம்' என்ற சொல்லை அவள் நம்பிக்கையோடு படித்தாள். எழுதியவர்கள் வேறு மாதிரிப் படித்தார்கள்.

ஆய்வகத்தின் தரைத்தளத்தில் இருநூறு கணினிகள் அடுக்கடுக்காக நின்று இரைந்துகொண்டிருக்கும். மாதம் பிறந்ததும் புதுத் தகவல்கள் வந்து சேரும். ஆய்வகத்தின் மூத்த பேராசிரியர் எழுதிய நிரல் ஓடத் தொடங்கும். இருபத்தாறு நாள் ஓடும். மிச்சமுள்ள நாலு நாளில் தூசு தட்டுவார்கள். மறுபடி மாதம் பிறக்கும். இத்தனை கணினிகளும் கக்குகிற சூட்டை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் இயக்குநரின் மேதைமை வெளிப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீச்சல் குளம் இருந்தது. சூட்டைக் குழாய் வழியாக அங்கே திருப்பிவிட்டார். குளம் இருபத்தொன்பது டிகிரிக்கு வந்தது. அக்கம்பக்கத்து முதியவர்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். 'கழிவு வெப்ப மறுபயன்பாட்டுப் பசுமைக் கேடயம்' வந்தது. மூன்று நட்சத்திரம்.

அந்தக் குளத்தால் வாழ்வு பெற்றவர்களில் அரைப்புள்ளியின் மாமியாரும் ஒருவர். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்த கையோடு முட்டிவலியும் கிடைத்தது. மூன்றாம் மாடி வீட்டிலிருந்து இறங்க முடியாமல் கூடத்து நாற்காலியில் நிலைகொண்டு, அங்கிருந்தபடியே குழம்பின் உப்பு, பாலின் கொதிநிலை, மருமகள் எத்தனை மணிக்கு வருகிறாள் என்பது முதலானவற்றைக் கண்காணித்துவந்தார். குளத்தில் சேர்ந்து நாலு மாதத்தில் தானே படியேறி வந்தார். வீட்டில் உப்பைப் பற்றிய பேச்சு நின்றது. அந்தக் குளத்தின் இருபத்தொன்பது டிகிரியில்தான் தன் குடும்ப அமைதி மிதக்கிறது என்பது அரைப்புள்ளிக்கு நன்றாகத் தெரியும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆய்வுக் கணிப்புகளால் காற்றில் எவ்வளவு கரி சேருகிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் அளந்து குறைக்க வேண்டுமாம். இயக்குநர் கரியைக் கண்டு அஞ்சுகிறவர் அல்லர். அன்றைக்கே 'பசுமைக் கணிப்புக் குழு' அமைத்து, அதற்குத் தாமே தலைமை ஏற்று, மூடிய அறையில், இரண்டு குளிர்சாதனங்களின் துணையோடு முதல் கூட்டத்தை நடத்தினார்.

கூட்டம் பல புரட்சிகரமான முடிவுகளை எடுத்தது. எல்லா மின்னஞ்சல்களின் அடியிலும் 'அச்சிடும் முன் மரத்தை நினை' என்ற வாசகத்தைச் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். வாசகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் வண்ணப் படமும் சேர்ந்தது. அதனால் ஒவ்வொரு மின்னஞ்சலும் பன்னிரண்டு மடங்கு கனத்தது. எல்லோரும் கணினித் திரையைக் கறுப்பாக மாற்றிக்கொள்வது என்றும், அப்படி மாற்றிவிட்டதைப் பளபளப்பான தாளில் நானூறு சுவரொட்டி அடித்து அறிவிப்பது என்றும் முடிவாயிற்று. அப்போதுதான் கடைசி நாற்காலியில் இருந்த அரைப்புள்ளி, நிரலை எழுதியிருக்கும் மொழியை மாற்றினால் என்ன என்று கேட்டுவிட்டாள்.

அறை அமைதியானது. குளிர்சாதனங்கள் மட்டும் தங்கள் கருத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தன.

பேராசிரியரின் நிரல் பைத்தான் மொழியில் இருந்தது. எழுத இனிய மொழி. ஓடத்தான் மனம் வராது. பெயருக்கேற்ற மலைப்பாம்பு. எதையும் விழுங்கும், நிதானமாகச் செரிக்கும். பேராசிரியர் பூமியைக் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திடமும் நாளைக்கு எவ்வளவு சூடு என்று கேட்டு எழுதும்படி ஒன்பது வரிகள் எழுதியிருந்தார். பைத்தான் ஒவ்வொரு கட்டத்தின் கதவையும் தட்டி, 'நீங்கள் எண்ணா, எழுத்தா, என்ன வகை?' என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போகும். திரும்பி வந்து அடுத்த வீட்டிலும் அதையே கேட்கும். ஃபோர்ட்ரான் என்று ஒரு பழைய மொழி உண்டு. அது யாரையும் நலம் விசாரிக்காது. எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒரே மூச்சில் கணக்கை முடித்துவிட்டுப் போய்க்கொண்டேயிருக்கும். அந்த ஒன்பது வரியை மட்டும் அதில் எழுதினால் போதும் என்றாள் அரைப்புள்ளி.

பேராசிரியர் எழுந்து நின்றார். அந்த ஒன்பது வரிகளை அவர் தம் மணிவிழா மலரில் கவிதைப் பகுதியில் வெளியிட்டிருந்தார்.

"இது மொழித் திணிப்பு," என்றார்.

இயக்குநர் பதறிப்போனார். தமக்கு எல்லா மொழியும் ஒன்றுதான் என்றும், எந்த மொழியையும் தாம் கற்றதில்லை என்பதால் தம் நடுநிலையில் யாரும் சந்தேகப்பட முடியாது என்றும் சமாதானம் சொன்னார். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின் ஆய்வகம் 'இருமொழிக் கொள்கை'யை ஏற்பது என்றும், அதை எப்போதும் நடைமுறைப்படுத்தாமல் இருப்பது என்றும் உடன்பாடு ஏற்பட்டது. முதலாவது குறிப்பேட்டில் ஏறியது. இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்ததால் ஏறவில்லை. கோப்பில் இயக்குநர் தம் கைப்பட எழுதினார்: 'மொழி மாற்றத்தின் சாத்தியக்கூறுகளைப் பரிசீலித்து ஆவன செய்யவும்.' கோப்பு அரைப்புள்ளியின் மேசைக்கு வந்தது.

'ஆவன செய்யவும்' என்பது அலுவலக மொழியில் 'அடக்கம் செய்யவும்' என்பதற்கு மரியாதையான மாற்று. அப்படி எழுதப்பட்ட கோப்புகள் அங்கே இரண்டு பீரோ நிறைய அமைதியாக உறங்கின. ஆய்வகம் தோன்றிய நாள்தொட்டு ஆவனவற்றை ஒருவரும் செய்ததில்லை. அரைப்புள்ளி ஒப்பந்த ஊழியர். அவளுக்கு இந்த மரபெல்லாம் தெரியாது. எழுதியிருந்தபடியே புரிந்துகொண்டு, செய்ய உட்கார்ந்தாள்.

ஆறு வாரம் பிடித்தது. ஒன்பது வரி முந்நூற்றுப் பதினெட்டு வரியானது. அழகும் கவிதையும் போயே போய்விட்டன. பழைய நிரலின் விடையையும் புதியதன் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழாவது தசம இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பதினோரு முறை சரிபார்த்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, மாதக் கணக்கை ஓடவிட்டாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு மெஷின் ரூமில் இரைச்சல் திடீரென்று அடங்கியது. குளிரூட்டிய அந்த அறையின் மேற்பார்வையாளர் வருடம் முழுக்கக் கம்பளிச் சட்டையில் இருப்பதால் 'ஸ்வெட்டர் அண்ணன்' எனப்பட்டார். பத்து வருடமாக அந்த இரைச்சலிலேயே இருந்தவருக்கு அமைதி பழக்கமில்லை. மின்சாரம் போய்விட்டது என்று ஓடினார். விளக்கெல்லாம் எரிந்தது. காது போய்விட்டதோ என்று தானே ஒரு முறை கை தட்டிப் பார்த்தார். பிறகு அரைப்புள்ளியிடம் வந்து, எல்லாம் நின்றுபோச்சு என்றார்.

"நிக்கலைண்ணே, முடிஞ்சுடுச்சு," என்றாள் அவள்.

இருபத்தாறு நாள் வேலை ஒன்பது மணி நேரத்தில் முடிந்திருந்தது. அன்று அவள் சந்தோஷத்தில் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்து வந்தாள். மறுநாள் இயக்குநருக்கு அறிக்கை அனுப்பினாள். பதில் வரவில்லை. பேராசிரியருக்கு விடைகளை அனுப்பினாள். இருபத்தாறு நாள் கழித்துத்தான் அவற்றைப் பார்ப்பது தம் வழக்கம் என்று பதில் வந்தது, அடியில் மரத்துடன்.

வியாழக்கிழமை குளம் இருபத்தாறு டிகிரி. சனிக்கிழமை இருபத்து மூன்று. திங்களன்று இருபது. அன்று காலை மாமியார் உதடு நீலம் பாரித்து வீடு திரும்பினார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்து, கூடத்து நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியும் அவரைப் பார்த்தது. பழைய உறவு புதுப்பிக்கப்பட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு பேச்சுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து, யாரோ ஒரு புத்திசாலி கணினிகளை நிறுத்திவிட்டதாகக் குளத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. அரைப்புள்ளியின் கணவன் ஒரு நடுநிலை நாடு. இரண்டு பக்கமும் எல்லை உள்ளவன். அவன் தன் தட்டைக் கூர்ந்து ஆராயத் தொடங்கினான். அரைப்புள்ளி மென்றதை விழுங்கிவிட்டு, அந்தப் புத்திசாலி தான்தான் என்று சொன்னாள். எதற்காகச் செய்தாள், எப்படிச் செய்தாள் என்பதையும் சொன்னாள்.

மாமியார் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர் அல்லவா. கேள்விகள் குறைவாகத்தான் இருந்தன.

"எத்தனை நாள் ஓட வேண்டியது?"

"இருபத்தாறு, அத்தை."

"எத்தனை மணி நேரத்துல முடிச்சே?"

"ஒம்போது."

"விடை சரியா இருந்துதா?"

"ஏழாவது இலக்கம் வரைக்கும், சரியா இருந்துது."

மாமியார் சிறிது நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"என் முட்டியைக் கேட்டா நீ செஞ்சது தப்புன்னுதான் சொல்லும். அதனால அதைக் கேக்காதே."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் உப்பைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்க்கும்போது, உப்பைப் பற்றியே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அரைப்புள்ளிக்குத் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்கு 'வெள்ளக்காரர்' வந்தார். ஆற்று நீர்ப் பிரிவு என்ற சின்ன அலுவலகத்தின் பொறியாளர் அவர். வெள்ளக் கணிப்புக்காக வருவதால் இந்தப் பெயர். வரவேற்பறையில் புதிதாகச் சேர்ந்த பெண் 'வெள்ளக்காரர் வந்திருக்கிறார்' என்ற செய்தியைக் கேட்டு, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு எழுந்து நின்ற சம்பவமும் உண்டு. ஆறு கரை மீறினால் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று அவர் கணக்கிட வேண்டும். இருநூறு கணினியும் பத்து நாள் கிடைத்தால் போதும். எட்டு மாதமாகச் செவ்வாய் தவறாமல் வந்து கேட்டார். கணினிகள் பூமி முழுவதையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதால் சில தெருக்களுக்காக அவற்றைத் தொந்தரவு செய்ய இயலாது என்று ஒவ்வொரு செவ்வாயும் கனிவாகச் சொல்லி அனுப்பினார்கள். மழைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

அரைப்புள்ளி அவரை மெஷின் ரூமுக்கு அழைத்துப் போனாள். இருநூறு கணினிகளும் சும்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஸ்வெட்டர் அண்ணன், காலியாக இருக்கும் நேரத்தைப் பிற அரசு அலுவலகங்களுக்குத் தரலாம் என்று விதி இருப்பதாகவும், காலியாக இருந்ததே இல்லை என்பதால் அந்த விதியை யாரும் படித்ததில்லை என்றும் தெரிவித்தார். வெள்ளக்காரரின் கணக்கு அன்றே ஓடத் தொடங்கியது.

கணினிகள் மறுபடி இரைந்தன. ஸ்வெட்டர் அண்ணன் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொல்வது அவதூறாகும். கண்ணை மூடிக் கண்காணித்தார். குளம் இருபத்து மூன்றானது, இருபத்தாறானது, இருபத்தெட்டுக்கு வந்தது. மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து துவாலையை எடுத்துக்கொண்டு போனார். உலகம் சற்று நேரம் சரியாக இருந்தது. தெருவுக்குக் கணக்கு, முட்டிக்குச் சூடு, இரண்டும் ஒரே மின்சாரத்தில்.

சரியாக இருக்கும் எதையும் ஆய்வகம் நெடுநாள் அனுமதிப்பதில்லை. கேடயத்தைப் புதுப்பிக்க மதிப்பீட்டாளர் வரப்போகிறார் என்று கடிதம் வந்ததும், இயக்குநர் பதிவேடுகளை வரவழைத்தார். பேராசிரியரின் கணக்கு ஒன்பது மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் குளம் சூடாக இருக்கிறது. அப்படியானால் இது யாருடைய சூடு? விசாரணையில் உண்மை வெளிவந்தது. திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. வெள்ளக்காரரின் கணக்குக்கு இன்னும் நாலு நாள் பாக்கி.

கேடயத்தின் விதிகளில் ஏழாவதை இயக்குநர் உரக்கப் படித்தார். குளத்தைச் சூடாக்கும் வெப்பம் நிறுவனத்தின் 'சொந்த ஆய்வில் விளைந்ததாக' இருத்தல் வேண்டும். ஆற்று நீர்ப் பிரிவின் சூடு அந்நியச் சூடு. அடுத்தவன் சூட்டில் நம் குளம் காய்வது தலைகுனிவு. குளத்துக்கு நேரடியாக ஒரு ஹீட்டர் போட்டுவிடலாமே, சின்னது போதுமே என்று ஸ்வெட்டர் அண்ணன் சொல்லிப் பார்த்தார். ஹீட்டர் மின்சாரத்தை வீணாக்கும் என்று இயக்குநர் அவரைக் கண்டித்தார். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஒரு தனிநபர் அவசரப்பட்டு ஆவன செய்ததுதான் என்றும், சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு பெரிய தீங்கு தம் பணிக்காலத்தில் நிகழ்ந்ததில்லை என்றும் குறிப்பில் ஏற்றினார்கள். வெள்ளக் கணக்கை உடனே நிறுத்த வேண்டும். பேராசிரியரின் கணக்கையே திரும்பத் திரும்ப ஓட்டிச் சூட்டை மீட்க வேண்டும். இதுதான் முடிவு.

அரைப்புள்ளி, அதே கணக்கை ஐம்பது தடவை ஓட்டினால் அதே விடைதான் ஐம்பது தடவை வரும் என்றாள். பேராசிரியர் புன்னகைத்தார். அதற்குப் பெயர்தான் நம்பகத்தன்மை என்றார்.

அவளுடைய நிரந்தர வேலைக்கான கோப்பு இயக்குநரின் இடதுகைப் பக்கத்தில், காகிதக் கனத்துக்கு அடியில், படபடத்துக்கொண்டிருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டால் அது படபடப்பதை நிறுத்தும். வெள்ளக்காரர் முதல் நாள் மெஷின் ரூமில் கணினிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"நிறுத்திடறேன் சார்," என்றாள். இயக்குநர் பாராட்ட வாயைத் திறந்தார். "எழுத்துல குடுங்க," என்று முடித்தாள்.

இயக்குநர் சிரித்தார். எழுதுவது அவருக்குக் கை வந்த கலை. அறைக்குப் போய்த் தட்டச்சரை அழைத்து, சொல்லத் தொடங்கினார்: 'நீச்சல் குளத்தின் நலன் கருதி, வெள்ள அபாயக் கணிப்பு இத்துடன் நிறுத்தப்படுகிறது.' தட்டச்சர் முழுவதையும் அடித்துவிட்டு, இருமினார். இயக்குநர் படித்துப் பார்த்தார். கிழிக்கச் சொன்னார்.

செவ்வாயன்று இரண்டாவது வரைவு: 'தெருக்களில் புகவிருக்கும் நீரைவிடக் குளத்தில் ஏற்கெனவே உள்ள நீரின் வெப்பநிலைக்கு முன்னுரிமை அளித்து...' இதுவும் கிழிந்தது. புதனன்று, நீர் என்ற சொல்லே வராமல் ஒரு வரைவு தயாரானது. அப்பழுக்கற்ற உத்தரவு. ஆனால் எதை நிறுத்த வேண்டும் என்பது அதில் இல்லை. வியாழனன்று சட்ட ஆலோசகரிடம் கேட்டார். இந்தக் காகிதம் நாளைக்கு யார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியதும், இயக்குநர் இரண்டு டம்ளர் குளிர்ந்த நீர் குடித்தார். வெள்ளிக்கிழமை மாலை உத்தரவில் கையெழுத்திட்டார். அதன் இறுதி வடிவம்: 'நடைபெற்றுவரும் பணிகள் உரிய காலத்தில் நிறைவடைவதை உறுதிசெய்க.'

அதற்குள் பணி நிறைவடைந்து ஒரு நாள் ஆகியிருந்தது. இவ்வளவு விரைவாக ஓர் உத்தரவு அமலான வரலாறு ஆய்வகத்தில் இல்லை.

கணக்கின் முடிவு இரண்டு தாளில் வந்தது. நாற்பத்து மூன்று தெருக்கள். வெள்ளக்காரர் நின்றபடியே படித்தார். மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது. தெருவின் பெயர், எதிரில் ஒன்றரை ஆள் உயரம்.

"இது எங்க தெருங்க," என்றார்.

அவருக்காகக் கொண்டுவந்த தேநீரை ஸ்வெட்டர் அண்ணன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அரைப்புள்ளி ஏதோ சொல்ல வந்து, வழக்கம்போல் நடுவில் நின்றாள். அன்று மட்டும் மிச்சம் வரவில்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் மேல் கையை வைத்தபடியே வெளியே போனார்.

மழை ஐந்தாவது வாரத்தில் வந்தது, இரண்டு வாரம் முன்னதாகவே. ஆறு கரை மீறுவதற்கு முந்தைய மாலையிலேயே நாற்பத்து மூன்று தெருக்காரர்களையும் மேட்டுப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றியிருந்தார்கள். பாத்திரங்கள் போயின, கட்டில்கள் மிதந்தன, ஆள் யாரும் போகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாததால் பத்திரிகைகளில் இரண்டு வரிக்கு மேல் செய்தி இல்லை.

அரைப்புள்ளிக்கும் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய திறமையை ஆய்வகம் மனமாரப் பாராட்டியிருந்தது. இருபத்தாறு நாள் பணியை ஒன்பது மணி நேரத்தில் முடித்தது வியத்தகு சாதனை என்று ஒப்புக்கொண்டிருந்தது. 'ஆகவே, அந்த இருபத்தாறு நாளில் எஞ்சிய இருபத்தைந்து நாள் பதினைந்து மணி நேரத்துக்கு இங்குத் தங்களுக்குப் பணி ஏதும் இல்லை' என்று நிறுவி, வாழ்த்துகளுடன் விடுவித்திருந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வாசல் வரை ஸ்வெட்டர் அண்ணன் கூட வந்தார். முந்நூற்றுப் பதினெட்டு வரிகளை என்ன செய்தார்கள் என்று கேட்டாள். பீரோவில் வைத்துவிட்டார்கள் என்றார். பேராசிரியரின் ஒன்பது வரிகள் 'மொழி மீட்பு நாள்' கொண்டாடி மறுபடி அரியணை ஏறின. குளம் இருபத்தொன்பதுக்குத் திரும்பியது, சொந்தச் சூட்டில்.

ஆற்று நீர்ப் பிரிவில் ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் காலியாக இருந்தன. அரைப்புள்ளி அங்கே போனாள். சம்பளம் குறைவு, மேசை ஆடும். மாமியாரிடம் சொன்னபோது, மேசைக்கால் அடியில் வைக்க ஓர் அட்டையை மடித்துக் கொடுத்தார்.

குளத்துக்குப் போவதை மட்டும் மாமியார் நிறுத்தவில்லை. வருஷச் சந்தா கட்டியது அவர், மருமகள் அல்ல. மதிப்பீட்டாளர் வந்த காலையில் அவர் ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. குளத்தில் வெப்பமானியை விட்டார். இருபத்தொன்பது. குறித்துக்கொண்டார். அடுத்ததாகப் படிவத்தில் 'பயனாளியின் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. இயக்குநர் கை நீட்டிக் காட்டிய முதல் பயனாளி மாமியார்தான். யார் வீட்டு மாமியார் என்பது இயக்குநருக்குத் தெரியாது.

மதிப்பீட்டாளர் குளத்தோரம் குந்தி, இந்தத் திட்டத்தால் அம்மாவுக்கு என்ன பயன் என்று கேட்டார்.

"முட்டிக்கு ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அதை எழுதிக்கோங்க," என்றார் மாமியார். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். "தண்ணி எப்படிச் சூடாகுதுன்னு உங்களுக்குச் சொன்னாங்களா? பூமி எவ்வளவு சூடாகும்னு கணக்குப் போடுறாங்க. ஒம்போது மணி நேரத்துல விடை வந்துடும். வந்துட்டா குளம் ஆறிடும். அதனால இருபத்தாறு நாள் விடை வராம பாத்துக்கறாங்க."

இயக்குநர் சிரித்தார். முதியவர்களின் நகைச்சுவை உணர்வுக்கும் இந்தக் குளமே காரணம் என்றார். மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. எழுந்து, பேராசிரியர் பக்கம் திரும்பி, இந்த மாத விடை என்ன என்று கேட்டார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது என்றார் பேராசிரியர் பெருமையோடு. மதிப்பீட்டாளர் தலையசைத்து, வெப்பமானியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு, நீண்ட நேரம் எதையோ எழுதினார்.

கேடயம் வந்தது. மூன்று நட்சத்திரம் நான்காகியிருந்தது. கூடவே மதிப்பீட்டாளர் தம் கையால் எழுதிய பாராட்டுரை ஒன்றும் இருந்தது. இயக்குநர் அதைக் கூட்டம் கூட்டி மூன்று முறை வாசித்தார். மூன்று முறையும் கை தட்டினார்கள். பித்தளைத் தகட்டில் பொறித்து, தெருவில் போகிறவர்களும் படிக்கும்படி வாசல் தூணில் பதிக்கச் சொன்னார். இன்றைக்கும் போனால் படிக்கலாம்:

'பூமி எவ்வளவு சூடாகும் என்று கணிப்பதோடு நின்றுவிடாமல், அதற்குத் தன்னால் இயன்றதையும் இடைவிடாது செய்துவரும் நிறுவனம்.'